“நம்ம ஜீன் தாங்கும்”: கஞ்சாவும் மனச்சிதைவும்

“எங்க குடும்பத்துல யாருக்கும் மனநோய் கிடையாது, அதனால கஞ்சா அடிச்சா எனக்கு ஒண்ணும் ஆகாது.” இணைய விவாதங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற வாதம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கஞ்சா புகைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு சைக்கோசிஸ் வருவதில்லை. அப்படீன்னா வருகிற சிலரிடம் மட்டும் ஏதோ ஒரு கெட்ட ஜீன் இருக்கணும், இல்லையா? ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் விடை வேறு மாதிரி வருகிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். சைக்கோசிஸ் என்பது நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை. யாரும் பேசாதபோது குரல் கேட்கும். எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற நம்பிக்கை அசைக்கவே முடியாதபடி வரும். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு அதன் நீண்டகால வடிவங்களில் ஒன்று. ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடியது.

கஞ்சாவோடு இதற்குள்ள தொடர்பைப் பெரிய அளவில் காட்டியது 1987ல் வந்த சுவீடன் ஆய்வு. ராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட 6 மடங்கு. மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்தபோது இந்த எண் இறங்கியது, ஆனால் மறையவில்லை.

அடுத்து ஜீன். 2005ல் நியூசிலாந்தின் டுனெடின் நகரத்து ஆய்விலிருந்து ஒரு அழகான முடிவு வந்தது. சிஓஎம்டி என்ற ஜீன், மூளையில் டோபமைனை உடைக்கும் என்சைமை உருவாக்குகிறது. அதில் ‘வேல்’, ‘மெட்’ என்று இரண்டு வகை உண்டு. பதின்வயதில் கஞ்சா தொடங்கியவர்களில், ‘வேல்’ வகையை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கே ஆபத்து தூக்கலாகத் தெரிந்தது. புரோகிராமர் பாஷையில் சொன்னால் ஒரு இஃப் கண்டிஷன்: ஜீனும் இருக்கணும், கஞ்சாவும் இருக்கணும், இரண்டும் உண்மையானால்தான் நோய். “நம்ம ஜீன் தாங்கும்” வாதத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் பிறகு வந்த பல ஆய்வுகளில் அந்த முடிவு மறுபடி கிடைக்கவில்லை. காரணமும் புரிகிறது. 2022ல் வந்த பெரிய மரபணு ஆய்வு, மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 இடங்களை நம் ஜீனோமில் அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டுதான். ஒற்றை சுவிட்ச் என்று எதுவும் இல்லை. எல்லாத் துளிகளையும் கூட்டி ஒரு மதிப்பெண் போடலாம். அதற்கு பாலிஜெனிக் ரிஸ்க் ஸ்கோர் என்று பெயர்.

இந்த மதிப்பெண் ஒரு சிக்கலையும் வெளியே கொண்டுவந்தது. 2014ல் ஆஸ்திரேலியர்கள் 2,082 பேரிடம் பார்த்தபோது, மதிப்பெண் அதிகமுள்ளவர்களே கஞ்சாவை நாடும் போக்கும் சற்று அதிகமாக இருந்தது. அதாவது கஞ்சா நோயைக் கொண்டுவரவில்லை, ஒரே ஜீன்கள்தான் இரண்டையும் கொண்டுவருகின்றன என்று வாதிட இடம் கிடைத்தது.

அதைச் சோதிக்க வழி உண்டு. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில், முதன்முறை சைக்கோசிஸ் வந்த 901 பேரை 1,237 பொதுமக்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019ல் வந்தது. டிஎச்சி 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வீரியமான கஞ்சாவை தினமும் பயன்படுத்தியவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. 2024ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு இந்தத் தரவோடு மரபணு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்தது. மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்ட பிறகும் கஞ்சாவின் பாதிப்பு அப்படியே நின்றது. ஜீன் தனியாக, கஞ்சா தனியாக, இரண்டும் ஆபத்தைக் கூட்டின.

இந்த மதிப்பெண் பரம்பரைப் பங்கு முழுவதையும் அளப்பதில்லை என்பதால் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் இஃப் கண்டிஷன் கதை இங்கே அடிவாங்குகிறது. “நல்ல ஜீன்” கஞ்சாவின் பங்கை ரத்து செய்வதில்லை.

அப்போ குடும்ப வரலாற்றுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. கணக்குக்காக ஒரு உதாரணம்: 100ல் 1 என்ற ஆபத்து 5 மடங்கானால் 100ல் 5. ஏற்கெனவே 100ல் 5 என்று இருப்பவருக்கு அது 25ஐ எட்டும். மடங்கு ஒன்றுதான், விழும் அடி வேறு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் விலகி நிற்பதே புத்திசாலித்தனம்.

“ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே” என்றால், அதுவும் உதவாது. இந்த மதிப்பெண் தனிமனிதருக்கு ஜோசியம் சொல்லும் அளவுக்குத் துல்லியமானதல்ல. போதாததற்கு, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் உருவானது. நம்மைப் போன்ற தெற்காசியர்களிடம் இன்னும் பலவீனம்.

ஜீனை மாற்ற முடியாது. எந்த வயதில் தொடங்குகிறோம், எவ்வளவு வீரியம், வாரத்தில் எத்தனை நாள் என்பவை நம் கையில் இருக்கின்றன. வீட்டில் ஒரு இளைஞர் திடீரென்று ஒதுங்கி, எல்லோரையும் சந்தேகப்பட்டு, இல்லாத குரலைப் பற்றிப் பேசினால், அது கஞ்சாவாலா ஜீனாலா என்று பட்டிமன்றம் நடத்தவேண்டாம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.