திரையின் நிறமும் கண்ணின் களைப்பும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள லாயாங் லாயாங், நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 2 பாகை வடக்கே அமைந்திருப்பதால், அங்கு ஆண்டு முழுவதும் பகல் வெளிச்சம் கடுமையாகவே இருக்கும். இத்தகைய இடத்தில், தோட்டத்துக் கிராணி ஒருவர் சன்னலருகே அமர்ந்து எக்செல் செயலியில் செம்பனைக் குலைகளின் கணக்கைப் பதியும்போது அவர் கண் களைப்பது ஏன்?

திரையை உற்றுநோக்குபவர் இமைப்பது வெகுவாகக் குறைவதால் விழியின் ஈரப்படலம் உலர்கிறது. திரையின் ஒளிர்வு சுற்றுப்புற வெளிச்சத்தோடு பொருந்தாதபோது களைப்பு மேலும் கூடுகிறது.

கரும்பின்னணி எப்போதும் கண்ணுக்கு இதம் என்ற எண்ணம் முழு உண்மையன்று. வெளிர்ப் பின்னணியில் கண்மணி, அதாவது ஒளி நுழையும் துளை, சுருங்குவதால் எழுத்து கூர்மையாகத் தெரிகிறது. கரும்பின்னணியில் அத்துளை விரிவதால், குறிப்பாகச் சிதறல் பார்வை (விழியின் வளைவு சீராக இல்லாத குறை) உள்ளவர்களுக்கு, வெண்ணிற எழுத்து கசிந்தாற்போல் மங்குகிறது. எனவே பகலில் வெளிர் தோற்றமும், விளக்கு மங்கிய இரவில் கருந்தோற்றமும் பொருந்தும்.

வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையருகே பிடித்துப் பார்க்கையில், திரை விளக்குபோல் ஒளிர்ந்தால் ஒளிர்வைக் குறைக்கவும், சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் கூட்டவும் வேண்டும். வேர்ட் செயலியில் பக்க நிறத்தை இளமஞ்சளாக்கினாலும், பொதுவாக அச்சுத்தாள் வெண்மையாகவே வரும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம், அதாவது மாறுபாடு, வழக்கமான அளவுள்ள எழுத்துகளுக்கு 4.5:1 என்ற அளவுக்குக் கீழே இறங்கலாகாது என்பது இணைய அணுகல் நெறிமுறை. எனினும், நிறமாற்றம் இமைத்தலுக்கு ஈடாகாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்ப்பதும் உடன் வேண்டும்.