மீன் செதிலில் மின்சாரம்: கொல்கத்தா ஆய்வும் தில்லியின் கணக்கும்

கொல்கத்தா: காளிகாட் பகுதி மீன் கடைகளில் காலை வேளையில் தரையெங்கும் செதில்கள் பளபளக்கும். அரிவாள்மனையில் ரோகுவும் கட்லாவும் துண்டாகும் வேகத்தில், செதில்கள் குப்பைக் கூடையில் குவிகின்றன. கொல்கத்தாவின் எந்த மீன் சந்தையிலும் காணக்கூடிய காட்சிதான் இது. இத்தகைய கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 2016-ல் நிரூபித்தவர்கள், காளிகாட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் திபங்கர் மண்டலும் சுஜய் குமார் கோஷும்.

சந்தையில் சேகரித்த செதில்களில் உள்ள கனிமங்களை வேதியியல் முறையில் நீக்கினர். கடினமான செதில், ஒளி ஊடுருவும் மெல்லிய, வளையும் தகடானது. அதில் எஞ்சியது கொலாஜன் என்னும் புரத இழைகள். அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் 'பீசோ' பண்பு இந்த இழைகளுக்கு இயல்பாகவே உண்டு. படிகங்களில் இப்பண்பை கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தனர். எலும்பிலும் அது உண்டு என்று ஜப்பானிய அறிஞர்கள் புகாடாவும் யசுடாவும் 1957-ல் காட்டினர். ஜாதவ்பூர் குழு உருவாக்கிய செதில் மின்னாக்கியை மீண்டும் மீண்டும் அழுத்தியபோது சுமார் 4 வோல்ட் கிடைத்தது. பல மின்னாக்கிகளை இணைத்துக் கையால் தட்டியபோது 50-க்கும் அதிகமான நீல விளக்குகள் ஒளிர்ந்தன. 'அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் இந்த ஆய்வு வெளியானது.

விளக்கு எரிவதல்ல இங்கு முக்கியம்; கிடைத்த மின்னோட்டம் மிகச் சிறியதே. இதயத் துடிப்பு, மூச்சு, உடல் அசைவு ஆகியவற்றின் அழுத்தத்திலிருந்தே மின்சாரம் பெற்று இயங்கும் மருத்துவக் கருவிகளுக்கு இது வழி காட்டுகிறது. உடலுக்குள் பொருத்தப்படும் 'பேஸ்மேக்கர்' கருவியின் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும்; மாற்றுவதற்கு மீண்டும் கத்தி வைக்க வேண்டும். தோலில் ஒட்டிக்கொள்ளும் மென்மையான மின்னணுத் தகட்டை அமெரிக்காவில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் 2011-ல் உருவாக்கிய பின், உலகெங்கும் இத்துறை விரைந்து வளர்ந்துள்ளது. கம்பிகளும் திரைகளும் சூழ்ந்த கண்காணிப்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே சாத்தியம். அரசு மருத்துவமனையின் நெரிசலான பொது வார்டில், நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய ஒரு வில்லை அந்த வேலையைச் செய்யுமானால் ஆதாயம் யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மருத்துவக் கருவிகளில் இந்தியாவின் நிலை என்ன? 2020-ல் இத்துறையின் மதிப்பு சுமார் ரூ. 90 ஆயிரம் கோடி. உலகச் சந்தையில் பங்கு 1.5 சதவீதம். இது மத்திய அரசே 2023-ல் தேசிய மருத்துவக் கருவிகள் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தபோது கூறிய கணக்கு. தேவையில் பெரும்பகுதி இறக்குமதிதான். எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துகளுக்கு உரிய 1940-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரல் முதல் தேதி கொண்டுவரப்பட்டன. மாத்திரைக்கும் மின்னணு வில்லைக்கும் ஒரே சட்டம்!

யார் தருவது பணம்?: ஜாதவ்பூர், மாநில அரசின் பல்கலைக்கழகம். மத்திய அரசின் 'உயர் சிறப்பு நிறுவனம்' திட்டத்துக்கு 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைத்தவற்றில் அதுவும் சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் இடம்பெற்றன. மத்திய அரசு ரூ. 1,000 கோடி வரை தரும். மீதியை மாநிலம் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு மேற்கு வங்க அரசு முன்வரவில்லை. ரூ. 3,299 கோடியில் தொடங்கிய ஜாதவ்பூரின் திட்டம் படிப்படியாக ரூ. 606 கோடியாகச் சுருங்கியது. இறுதியில் அதைப் பரிசீலிக்க வேண்டாம் என்று நிபுணர் குழு கூறிவிட்டதாக 2023-ல் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கான முன்மொழிவைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது. இரு மாநிலங்களின் காரணங்கள் வேறு. அங்கீகாரம் இரண்டுக்குமே கிட்டவில்லை. மாநில அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பதை மறுக்க இயலாது.

மண்டல் பின்னர், பஞ்சாபின் மொகாலியில் மத்திய அரசின் நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்து, அணியத்தக்க மின்னாக்கிகள் குறித்த ஆய்வைத் தொடர்ந்தார். அவர் இடம் மாறியதை நிதிப் பிரச்னையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆயினும் ஆய்வுப் பணம் எந்தத் திசையில் பாய்கிறது என்பது ரகசியமல்ல. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் நிதியில் சுமார் 65 சதவீதம் ஐஐடிகளுக்கும், 11 சதவீதம் மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றதாக, 2023-ல் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங்கே கூறினார்.

அதைச் சீர்செய்யவே அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்றது அரசு. அதற்கான மசோதா 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியது. 5 ஆண்டுகளில் ரூ. 50 ஆயிரம் கோடி இலக்கு. அதில் சுமார் ரூ. 36 ஆயிரம் கோடி அரசு நிதிக்கு வெளியே, தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வர வேண்டும். அதில் எவ்வளவு வந்தது, அமைச்சர் குறிப்பிட்ட 11 சதவீதம் எவ்வளவாக உயர்ந்தது என்று கேள்வி நேரத்தில் எழுப்புவது வங்கத்து எம்.பி.க்களுக்கும் தமிழக எம்.பி.க்களுக்கும் பொதுவான வேலை.