வலியில்லாமல் தள்ளாடும் நாய்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாய் பின்னங்காலை இழுத்து நடந்தால், "லாரி தட்டியிருக்கும்", "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தொட்டால் கத்தாமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, மாதத்துக்கு மாதம் தள்ளாட்டம் மட்டும் கூடுகிறதென்றால் முதுகுத் தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

தண்டுவடத்தை மூன்று சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. நடுச் சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையே தெளிந்த நீர் ஓடுகிறது. அந்த வழியில் ஓரிடம் பைபோலப் புடைத்து நீர் தேங்கினால் தண்டுவடம் நசுங்கும். 1968-லேயே நாய்களிடம் பதிவான இதை 'நீர்க்கட்டி' என்றே நெடுங்காலம் அழைத்தார்கள். தனிச் சுவர் இல்லாததால் உண்மையில் இது கட்டி அல்ல, சவ்வின் புடைப்புதான்.

காவலுக்கு வளர்க்கும் ரோட்வைலருக்குக் கழுத்தில் வருகிறது. பக் இனத்துக்கு நடுமுதுகில். 122 நாய்களை வைத்து 2014-ல் வெளிவந்த ஆய்வில் ஆண் நாய்களே மிகுதி. தோட்டத்துக் கலப்பின நாய்களுக்கு இது அபூர்வம். அவற்றுக்கு டிஸ்டெம்பர் நோயையும் அடிபட்ட காயத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கவனிக்க எளிய அடையாளங்கள் உண்டு. பின்பாதத்து நகங்கள் தரையில் தேய்ந்திருக்கும். சில நாய்கள் நடக்கும்போதே, தமக்குத் தெரியாமல் மலம் போடும். இதைச் சேட்டை என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு, பாவம்.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நீர்ப்பை தெரியாது. முன்பு முதுகுத்தண்டுக்குள் சாய மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். பை கண்ணீர்த்துளி வடிவில் தெரியும். இன்று எம்.ஆர்.ஐ. அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஸ்டீராய்டு மாத்திரையால் சில நாய்கள் கொஞ்ச காலம் தேறும். பை அப்படியே இருக்கும். அறுவை சிகிச்சையில் முதுகெலும்பின் கூரைப் பகுதியை எடுத்து, வெளிச்சவ்வைத் திறந்து, நீர் வடிய வழி செய்கிறார்கள். அது மறுபடி மூடாதிருக்கச் சவ்வில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதோ, ஓரங்களைப் பக்கத்துத் தசையோடு தைப்பதோ உண்டு. அறுவைக்குப் பின் சில நாள் நடை இன்னும் மோசமாகலாம், பயப்பட வேண்டியதில்லை. பல நாய்கள் தேறுகின்றன, சிலவற்றுக்கு மீண்டும் வருகிறது. தண்டுவடம் நெடுநாள் நசுங்கிக் கிடந்திருந்தால் இழந்த நடை முழுதாகத் திரும்பாது.

சிரம்பான் பக்கம் இருப்பவர்களுக்குச் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை தொலைவில்லை. முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நாய் நடப்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள். மேசைமேல் நிற்கும் நாயிடம் தள்ளாட்டம் தெரியாது. வீட்டிலுள்ள வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான பல மாத்திரைகள் நாய்க்கு நஞ்சு.