திரைப்படத்தில் அச்சச் சுவையும் முன்னறிவிப்பும்

மெய்ப்பாடு எட்டு என்பது தொல்காப்பியர் கொள்கை. அவ்வெட்டனுள் ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு நான்காக மெய்ப்பாட்டியலுள் வகுக்கப்பட்டுள்ளன. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்தின் நிலைக்களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகையின் நிலைக்களன்கள். உணர்ச்சியின் பெயரைக் கூறும் அளவில் அமையாது, அஃது எதனாற் பிறக்கின்றது என்பதனையும் ஆசிரியர் உடன் கூறினமை ஈண்டு நோக்கத்தக்கது. உளவியல் திகில் படங்களைக் காண்போர்க்கு முன்னறிவிப்பு வேண்டுமா, வேண்டுமெனின் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் இக்கால வினாவிற்கு இப்பகுப்பு நல்லதொரு வழி காட்டுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், திரைப்படச் சான்றிதழ் அச்சத்தை எவ்வாறு கருதி வந்துள்ளது என்பதைக் காண்போம். ஜூபிடர் நிறுவனத்தாரின் ‘மர்மயோகி’ 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. கே. ராம்நாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த அப்படமே, வயது வந்தோர்க்கு மட்டும் உரியது என்னும் ‘ஏ’ சான்றிதழைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்பர். ஆவி தோன்றும் காட்சிகளே அதற்குக் காரணம். கதையின்படி அங்கே தோன்றுவது ஆவியன்று. இறந்தான் என்று பிறர் நம்பிய அரசனே ஆவிபோல் உலவுகின்றான். எனினும் அக்காட்சி இளஞ்சிறாரை நடுங்கச் செய்யும் என்று தணிக்கையாளர் கருதினர். தொல்காப்பியர் கூறிய நால்வகையுள் முதலாவதாகிய அணங்கினால் வரும் அச்சமே அவர்கள் கண்முன் நின்றது எனலாம்.

அதன்பின் சான்றிதழின் வகைகள் பெருகின. ‘யு’, ‘ஏ’ என இரண்டாக இருந்தவற்றோடு 1983இல் ‘யு/ஏ’, ‘எஸ்’ என்னும் இரண்டு சேர்ந்தன. 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ‘யு/ஏ’ என்பதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்னும் அகவைகளைக் கொண்டு மூன்றாகப் பகுத்தது. பகுப்பு நுண்ணிதாயிற்று, ஆயினும் அதன் அளவுகோல் அகவையாகவே உள்ளது. ‘இப்படம் எவ்வயதினர்க்கு ஏற்றது?’ என்னும் வினாவிற்கு அதன்கண் விடை உண்டு. ‘இப்படத்தில் உள்ளத்தை வருத்துவது யாது?’ என்னும் வினாவிற்கு விடை இல்லை.

உளவியல் திகில் படங்களுக்கு இவ்விரண்டாம் வினாவே இன்றியமையாதது. தொல்காப்பியர் கூறிய அச்ச நிலைக்களன்கள் நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. உளவியல் திகிலில் அச்சம் அகத்தே, நினைவினின்று எழுகின்றது. அசுவின் சரவணன் இயக்கத்தில் 2019இல் வெளிவந்த ‘கேம் ஓவர்’ இதற்குத் தக்க சான்று. அதன் தலைவி முன்பொருகால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவள். அக்கொடுமை நேர்ந்த நாள் ஆண்டுதோறும் அணுகுங்கால் அவள் உள்ளம் நிலைகுலைகின்றது. இருளைக் கண்டு அஞ்சுகின்றாள். உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயல்கின்றாள். கொலைஞரும் கதையில் உளர். ஆயினும், காண்போரைப் பிணிப்பது அவளுடைய இளிவும் இழவுமே. எனவே, அச்சத்தின் போர்வையில் அழுகையின் நிலைக்களன்கள் மறைந்து நிற்பதே உளவியல் திகிலின் தனி இயல்பு என்பது பெறப்படும்.

இங்கேதான் அகவையளவு போதாமை புலனாகின்றது. பேயைக் கண்டு அஞ்சும் சிறுவன் வளர்ந்தபின் அவ்வச்சத்தினின்று நீங்குவான். இளமையில் வன்கொடுமைக்கு ஆளான ஒருத்திக்கோ, உடன்பிறந்தானைத் தற்கொலையில் இழந்த ஒருவனுக்கோ வயது ஏறுவதனால் மட்டும் அந்நோய் தீர்ந்துவிடுவதில்லை. ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்னும் சொல் அவர்களைத் தடுப்பதில்லை, எச்சரிப்பதுமில்லை.

இக்குறையை ஓரளவு உணர்ந்தது போல, இணையவழிப் படங்களுக்கென இந்திய அரசு 2021 பிப்ரவரியில் வெளியிட்ட விதிகள், அகவைக் குறியீட்டோடு உள்ளடக்கக் குறிப்பும் தொடக்கத்திலேயே காட்டப்படல் வேண்டும் என்கின்றன. இது போற்றத்தக்கது. ஆயினும் தமிழ்ப் படங்களிலும் அக்குறிப்பு ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், சில நொடிகளே தோன்றி மறைவது பெருவழக்கு. பழனியை அடுத்த பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் பாட்டியும் பெயர்த்தியும் ஒருங்கிருந்து படம் காணும் வீட்டில் அக்குறிப்பால் விளையும் பயன் யாது? புகைபிடிக்கும் காட்சிக்குரிய எச்சரிக்கை படத்தின் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது 2012 முதல் நடைமுறையில் உள்ள விதி. தமிழ்நாட்டில் அத்தொடரை அறியாதார் இலர். நுரையீரலுக்குச் செய்யும் அவ்வுதவியை உள்ளத்திற்கும் செய்தல் அரிதன்று.

சொற்றெளிவும் வேண்டும். ‘மனத்தை உலுக்கும் காட்சிகள் உள’ என்பது மெய்ப்பாட்டின் பெயரை மட்டும் கூறி, நிலைக்களனை மறைப்பது. ‘தற்கொலை முயற்சி’, ‘பாலியல் வன்கொடுமை’, ‘சிறார் துன்புறுத்தப்படுதல்’ எனப் பொருளை வெளிப்படக் கூறுவதே முன்னறிவிப்பாகும்.

இவ்வாறு கூறின் கதையின் மறைபொருள் வெளிப்பட்டுச் சுவை கெடும் என்பார் உளர். சிலப்பதிகாரப் பதிகம் கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரியுண்டதையும் முன்னரே கூறிவிடுகின்றது. அதனால் வழக்குரை காதையின் சுவை குன்றவில்லை. திகில் கதை மறைபொருளையே உயிராகக் கொண்டது, காப்பியம் அன்னதன்று என்பது உண்மையே. ஆயினும், தற்கொலை முயற்சி உண்டு என்று கூறுவதனால் முயல்வார் யார், எப்பொழுது, ஏன் என்பன வெளிப்படா. நிலைக்களனைக் கூறுதல் வேறு. நிகழ்ச்சியைக் கூறுதல் வேறு.

மற்றொரு தடை உளவியலார் ஆய்வினின்று எழுவது. இதனை எளிதில் ஒதுக்குதல் இயலாது. முன்னறிவிப்புப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, அறிவிப்பினால் காட்சி தரும் துயரம் குறைவதில்லை என்றும், காண்பதற்கு முன் தோன்றும் பதற்றம் சிறிது மிகுகின்றது என்றும், பலர் அறிவிப்புக் கண்டும் விலகுவதில்லை என்றும் முடிவு கூறுகின்றது. இதனால் அறிவிப்பு மருந்தன்று என்பது தெளிவு. ஆனால் அதனை மருந்தாகக் கொள்ளவேண்டுவதில்லை. ஆற்றங்கரையில் ‘இங்கு ஆழம்’ என நட்ட பலகை நீரின் ஆழத்தைக் குறைப்பதில்லை, நீந்தவும் கற்பிப்பதில்லை. இறங்குவதா, துணையோடு இறங்குவதா, இன்று வேண்டா என்று திரும்புவதா என்பதைத் தானே துணியும் உரிமையை வருவோனுக்கு அது தருகின்றது. பலர் திரும்புவதில்லை என்பது கொண்டு, திரும்ப விரும்பும் சிலர்க்குரிய பலகையைப் பிடுங்குதல் முறையாகாது.

ஆகவே உளவியல் திகில் படத்திற்குரிய முன்னறிவிப்பு, அகவையோடு நிலைக்களனையும் கூறுவதாய், தமிழில் அமைவதாய், படிக்கும் அளவு நின்று தோன்றுவதாய் இருத்தல் வேண்டும். கலைஞன் எதனையும் படைத்துக் காட்டலாம். அவ்வுரிமையை இது குறைப்பதன்று. காண்போன் அறிந்து காணவேண்டும் என்பதே இதன் பயன்.