கியர் விழத் தாமதமா? பழைய பிக்கப் வாங்குவோர் கவனத்துக்கு

கிதர்பூர் துறைமுகத்தை ஒட்டிய கல்கத்தா கார்டன் ரீச்சில் சரக்கு வண்டிதான் பலருக்குப் பிழைப்பு. புது வண்டிக்குப் பணம் போதாதவர்கள் செகண்ட் ஹேண்ட் பிக்கப்பைத் தேடுகிறார்கள். இசுசு வி-கிராஸில் 2019-லும் டொயோட்டா ஹைலக்ஸில் 2022-லும் இந்தியாவில் ஆட்டோமேட்டிக் கியர் வந்தது. அத்தகைய வண்டியை வாங்குகிறவர் ஒரு கோளாறைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேக்கை மிதித்தபடி லீவரை 'டி' அல்லது 'ஆர்'-க்குத் தள்ளினால் ஏறக்குறைய ஒரு நொடியில் கியர் விழ வேண்டும். இரண்டு மூன்று நொடி சும்மா நின்றுவிட்டுத் திடுக்கென்று இழுத்தால், கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தம் உடனே ஏறவில்லை என்று அர்த்தம். ஆயில் குறைந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ சிறு செலவு. ரப்பர் சீல் இறுகியிருந்தாலோ கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தாலோ கியர்பாக்ஸையே இறக்கிப் பிரிக்க வேண்டும். பணத்தை விடுங்கள், வண்டி நகரவில்லையே என்று ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கியர் விழுந்தால் வண்டி பாயும். நெரிசலான சந்தில் குறுக்கே குழந்தை நின்றால் என்ன ஆகும்?

இரவெல்லாம் நின்ற வண்டியை முதலில் எடுக்கும்போதுதான் இந்தத் தாமதம் பெரும்பாலும் தெரியும், சூடேறியதும் மறைந்துவிடலாம். ஆகவே பார்க்கப் போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தாலும் அப்படியே. எல்லாம் சரியென்றால், கியர்பாக்ஸில் குறையில்லை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள்.

வாங்கிய பிறகு தெரிந்தால்? மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். "சரக்கு வண்டிக்கு நுகர்வோர் வழக்கு செல்லாது" என்று மிரட்டுவார்கள். பயப்படாதீர்கள். பிழைப்புக்காகத் தானே லாரி வாங்கி ஓட்டுகிறவரும் நுகர்வோரே என்று, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் செய்பவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஆள் வைத்துப் பல வண்டி ஓட்டும் முதலாளிக்கு அது கிடைப்பது கடினம்.

விற்றவர் வியாபாரி என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. தனி ஆளிடம் வாங்கி ஏமாந்தவர் பெரும்பாலும் சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். எழுதி வாங்கிய ரசீது அங்கேதான் பேசும். வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.