கரகரக்கும் கார் ஸ்டீரியோ: காசு கொடுக்கும் முன் கண்டுபிடியுங்கள்

கார் ஸ்டீரியோ பெட்டிகளில் 50×4 என்ற எண்ணைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று கடைக்காரர் விளக்குவார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 50 வாட் வரும்போது பாட்டு பாட்டாக இருக்காது. என்ஜின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். செட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆம்ப் சிப், அதைவிட வோல்ட்டேஜைக் கூட்டிக்கொள்ளாது. அந்த வோல்ட்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது ஏட்டுக் கணக்கிலேயே 26 வாட். நடைமுறையில் 20 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். 50 வாட்டைத் தொட வேண்டுமானால் ஒலி அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமாக வேண்டும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். நம் காதில் அது கரகரப்பாக விழுகிறது.

ஆகவே பெட்டியில் பார்க்க வேண்டியது, செட் சுத்தமாகத் தொடர்ந்து கொடுக்கும் அளவைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட். அந்த எண் சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கும், சில பெட்டிகளில் இருக்கவே இருக்காது. சத்தத்தை ஏற்றியதும் கரகரக்கிறது என்று போனால், “பெரிய ஸ்பீக்கர் போட்டுடலாம் சார்” என்பார்கள். திணறுவது ஆம்ப் என்றால் புது ஸ்பீக்கரிலும் அதே கரகரப்புதான் கேட்கும். வெட்டுப்பட்ட அலையில் உச்ச ஸ்தாயி ஒலிகள் கூடுதலாகச் சேர்வதால், முதலில் எரிந்துபோவது பெரும்பாலும் டுவீட்டர்.

கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே பாதி விடை கிடைத்துவிடும். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. பாஸை ஏற்றிவைத்துவிட்டுச் செட்டைத் திட்டுவது நம் ஊரில் சகஜம். அடுத்து, ஒரே பாட்டைப் புளூடூத்திலும் பென் டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கரகரத்தால் குறை அந்த வழியில் இருக்கிறது, ஸ்பீக்கரில் அல்ல. எல்லாவற்றிலும் கரகரத்தால் பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் நகர்த்தி, ஒவ்வொரு மூலையாகத் தனித்துக் கேளுங்கள். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அந்த ஸ்பீக்கரையோ அதன் ஒயரையோ பார்த்தால் போதும். நான்கும் சேர்ந்து கெட்டிருந்தால் செட், ஆம்ப், அல்லது அவற்றுக்கு வரும் மின்சாரம்.

குறைந்த சத்தத்திலேயே ஒரு கதவு மட்டும் கொரகொரத்தால், ஸ்பீக்கரின் கோனை விரல்களால் சுற்றிலும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் போய்விட்டது. மழைக்காலத்தில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காகிதக் கோனை ஊறவைத்துக் கெடுப்பதும் உண்டு. சில சமயம் ஸ்பீக்கரில் ஒரு குறையும் இருக்காது. கதவு டிரிம்மின் கிளிப் ஒன்று தளர்ந்து அதிரும். அதற்கு ஒரு கிளிப்பும் கொஞ்சம் ஃபோமும் போதும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க விசில்போல ஏறும் இரைச்சல் வேறு கதை. அது பெரும்பாலும் எர்த் கோளாறு. பெயின்டின் மேலேயே எர்த் ஒயரை முடுக்கியிருப்பார்கள், அல்லது பவர் ஒயரையும் ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. ஒயரையும் ஒரே பக்கமாக இழுத்திருப்பார்கள். தனி ஆம்ப் இருந்தால் அதன் கெயின் திருகையும் பாருங்கள். செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவதுதான் அதன் வேலை. சத்தம் கூட்ட அதைத் திருப்பினால் கிளிப்பிங்தான் மிஞ்சும்.

காசு போவதைவிட எனக்குக் கவலை தருவது ஒயரை வெட்டி டேப் சுற்றும் பழக்கம். ஆம்புக்குப் பேட்டரியிலிருந்து நேரே வரும் ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுபவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் கைவைக்க விடக் கூடாது. கப்ளரோடு கப்ளர் மாட்டும் முறையையே கேளுங்கள். வெளியே செய்த மாற்றத்தால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை கார் வாரண்டிகளில் பொதுவாக இருப்பதால், ஒயரை வெட்டியது நாளை உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். இன்சூரன்ஸிலும் அப்படித்தான். வெளியே பொருத்திய சிஸ்டத்தைப் பாலிசியில் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் திருட்டுக்கோ சேதத்துக்கோ அதன் மதிப்பைக் கேட்க முடியும்.

புதிதாக வாங்கியதே கரகரத்தால்? “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற பலகையைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள் அதைச் செய்தாக வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே சட்டத்தில் தவறுதான். “பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி. மிச்சம்” என்ற சலுகையில் மிச்சமாவது யாருக்கு என்று யோசியுங்கள்.

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் அனுப்புங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். குறை தெரிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

சாட்சிக்கு மொபைலில் வீடியோ எடுப்பார்கள். ஆனால் உரத்த சத்தத்தில் மொபைல் மைக்கே கரகரக்கும். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் சொல்லும். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது எந்த மூலையில், எந்தச் சத்தத்தில், என்ன குறை என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். குறையுள்ள பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அனுப்ப, பொருள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.