லாரி ஓட்டுநரின் இடுப்பு

லாரி ஓட்டுநரின் முதுகுவலிக்குச் சாலையை மட்டும் குறைசொல்ல முடியாது. கூலிக் கணக்கும் காரணம். மணிக்கணக்கில் அதிரும் இருக்கையில் தசைகள் சோர்ந்து, முள்ளெலும்பு வட்டுகள் அழுந்துகின்றன. அந்த நிலையில் குதித்திறங்கி மூட்டை தூக்கினால் பிடிப்பு விழத்தான் செய்யும். நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே வரையறுத்தது. இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்லதுதான், ஆனால் ஏசி அதிர்வைக் குறைக்காது.

ஓட்டுநர்களே கூடுதல் நடை கேட்கிறார்கள் என்று உரிமையாளர்கள் சொல்வது உண்மையே. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், ஓய்வெடுக்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம்தானே? ஓய்வுக்கும், சரக்கு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி தந்தால் சரக்குக் கட்டணம் ஏறும் என்பார்கள். ஏறும்தான். இப்போது அந்தத் தொகை ஓட்டுநர் வீட்டு மருத்துவச் செலவில் ஒளிந்திருக்கிறது.